ஒரு கைபிடி, நாலு தலை: கழட்டிப் பூட்டுற வெல்டிங் டோர்ச் எங்கட வேலைக்குக் காணுமா?

மே 14, பரந்தன் பட்டறை

நேராக் கேக்கிறன். பட்டறைக்கு வாற வேலை ஒரு மாதிரி இல்லை. 1.2 மி.மீ. பொக்ஸ் பார் கேற், லான்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) கலப்பை, ஸ்டெயின்லெஸ் படிக் கைபிடி, இடைக்கிடை அலுமினியப் பால் கான். கழுத்தும் தலையும் மாத்தி மாத்திப் பூட்டுற டோர்ச் ஒண்டு எடுத்தால் எல்லாத்தையும் ஒரே கைபிடியில முடிக்கலாம் எண்டு விக்கிற ஆக்கள் சொல்லினம். மெசின் இரண்டு: 200 அம்பியர் ஸ்டிக் (றொட்டால ஒட்டுற) இன்வேட்டர், அதில லிஃப்ட் டிக் இருக்கு, டங்ஸ்ரன் ஊசியைத் தொட்டு எடுத்து ஆகனுக்குள்ள ஆர்க் பிடிக்கிறது. மற்றது 200 அம்பியர் மிக் (கம்பி தானா ஓடி வாற வகை), டோர்ச் கொழுவ யூரோ சொக்கற். சிங்கிள் பேஸ் கரண்ட். எதை வாங்கிறது?

மே 14, மாங்குளம்

தம்பி, தலையை எண்ண முதல் மெசினைப் பாருங்கோ. லிஃப்ட் டிக் உள்ள ஸ்டிக் இன்வேட்டர் டி.சி. மட்டும்தான் தரும். அலுமினியத்துக்கு மேல இருக்கிற ஒட்சைட்டுத் தோல் உருக 2000 பாகைக்கு மேல வேணும், உள்ள இருக்கிற உலோகம் 660 பாகையில உருகிப் போகும். தோலை உடைக்க ஏ.சி. வேணும். எந்தத் தலையைப் பூட்டினாலும் உங்கட மெசினில பால் கான் டிக்கில ஒட்டாது.

இரண்டாவது, அப்பிடியான மெசினுக்குள்ள பெரும்பாலும் காஸ் வால்வு இல்லை. காஸைத் திறந்து பூட்ட தலையிலேயே திருகு இருக்கவேணும். அதுதான் 17வி, 26வி எண்டு வாறது. சுவிச் வைச்ச கைபிடிக்குக் கூடக் காசு குடுத்து வேலை இல்லை, அந்தச் சுவிச் வயரைக் கொழுவ மெசினில இடம் இல்லை.

டோர்ச் மைனஸில, ஏர்த் கிளாம்ப் பிளஸில, காஸ் ஹோஸ் நேரா ரெகுலேட்டருக்கு. மாறிக் கொழுவினால் டங்ஸ்ரன் நுனி சில விநாடியில உருண்டை ஆகி விழும்.

மே 15, வவுனியா உதிரி

டிக் டோர்ச்சில் தலை மாற்றுவது புது விடயம் அல்ல. பழைய இலக்க முறையே ஒரு குடும்ப முறைதான். 17, 18, 26 மூன்றும் ஒரே உள் உதிரிகளை ஏற்கும். 9, 20 இரண்டும் வேறு குடும்பம். 17 காற்றில் குளிரும், 150 அம்பியர். 26 காற்றில் குளிரும், 200 அம்பியர். 18 தண்ணீரில் குளிரும், 350 அம்பியர். 9 சிறியது, 125 அம்பியர். 20 அதன் தண்ணீர் வடிவம், 250 அம்பியர்.

17, 18, 26 குடும்பத்தில் கொலெற் (டங்ஸ்ரனைக் கவ்வும் துண்டு) 1.6 மி.மீ. டங்ஸ்ரனுக்கு 10என்23, 2.4க்கு 10என்24. கொலெற் பொடி (கொலெற்றைத் தாங்கும் உடல்) 1.6க்கு 10என்31, 2.4க்கு 10என்32. செரமிக் கப் (காஸ் வெளிவரும் வாய்) 4 முதல் 8 வரை முறையே 10என்50, 49, 48, 47, 46. கப்பின் இலக்கம் உள்விட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒன்றாகச் சொல்வது: 6 ஆம் கப் 9.5 மி.மீ., 8 ஆம் கப் 12.7 மி.மீ. பின்மூடி (டங்ஸ்ரனின் பின் முனையை மூடுவது) நீளம் 57வை02, குட்டை 57வை04.

வாங்கும்போது தலையின் தோற்றத்தைப் பார்க்காமல் இந்த இலக்கங்களைச் சொல்லிக் கேளுங்கள். தனக்கென்று உதிரி வைத்த "மொடியூலர்" தலை எவ்வளவு அழகாக இருந்தாலும், கொலெற் உடைந்த அன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காவிட்டால் அந்தத் தலை முடிந்தது.

மே 15, பரந்தன் பட்டறை

அப்ப 26 கைபிடியில 9 தலையைப் பூட்டிச் சின்ன இடத்துக்குப் பாவிக்கலாமா அண்ணை? படிக் கைபிடியில மூலை ஒடுக்கம்.

மே 15, வவுனியா உதிரி

நேராகப் பூட்ட முடியாது. 17 உம் 9 உம் ஒரே கேபிளை ஏற்கும். 26 இன் கேபிள் தடித்தது, அதன் முனை வேறு. உள் உதிரியில் 17 உம் 26 உம் சொந்தம், கேபிளில் 17 உம் 9 உம் சொந்தம். ஒடுக்கமான இடத்துக்கு 26 இலேயே குட்டைப் பின்மூடி போட்டால் தலையின் உயரம் வெகுவாகக் குறையும். 57வை04 ஐப் போட்டால் டங்ஸ்ரனையும் நறுக்க வேண்டும். முறித்து எடுக்காதீர்கள், நீளவாக்கில் வெடிக்கும். வைர வட்டால் சுற்றிக் கீறி வெட்டுங்கள்.

மே 17, மாங்குளம்

இப்ப உண்மையான மொடியூலர் டோர்ச்சுக்கு வருவம், கழுத்தும் கைபிடியும் தனித்தனியா வந்து நடுவில ஒரு நட்டால இறுகிறது. இதில கெடுறது தலை இல்லை, அந்த மூட்டு. அந்த ஒரு இடத்தால கரண்ட் போகுது, காஸும் போகுது. மூட்டு சரியா இறுகாட்டி இரண்டும் கெடும்.

கரண்ட் பக்கம்: மூட்டில ஒரு மில்லி ஓம் தடை கூடினாலே 150 அம்பியரில 22.5 வாட் வெப்பம் அதுக்குள்ள. கறுத்து, தூசி ஏறி 5 மில்லி ஓம் ஆனால் 110 வாட்டுக்கு மேல. ஒரு சோல்டரிங் அயனைக் கைபிடிக்குள்ள வைச்சுப் பிடிக்கிற மாதிரி. ஓ-ரிங் (காஸ் போகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) வெந்து கல்லாகும், பிளாஸ்டிக் உருகும், பிறகு காஸ் போகும்.

காஸ் பக்கம்: ஓ-ரிங் வெடிச்சால் காஸ் வெளியில போறதோட நிக்காது, ஓட்டத்தோட காத்தையும் உள்ள இழுக்கும். ரெகுலேட்டரில மீற்றர் நிமிசத்துக்கு 10 லீற்றர் சரியாக் காட்டும், ஒட்டில ஊசி ஓட்டை ஓட்டையா வரும். ஆக்கள் சிலிண்டரைக் குறை சொல்லுவினம்.

சோதிக்கிற விதம்: மெசின் நிப்பாட்டி, காஸைத் திறந்து, கப் வாயை ரப்பர் அடைப்பால மூடி, மூட்டைச் சுத்திச் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கோ. முட்டை விட்டால் ஓ-ரிங் மாத்தவேணும். கரண்டுக்கு, 120 அம்பியரில இரண்டு நிமிசம் ஓட்டிப்போட்டு நிப்பாட்டி மூட்டையும் கேபிளையும் தொட்டுப் பார்த்தால் விளங்கும். கேபிளை விட மூட்டு சூடு எண்டால் கழட்டித் துடைச்சு இறுக்குங்கோ. நட்டைக் கையால மட்டும் இறுக்கிற வகை எண்டால் நாள் தொடங்கேக்க ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா இறுக்கவேணும். சூட்டில செம்பு விரிஞ்சு சுருங்கித் தளரும்.

மே 18, முல்லைக் கரை

கடல் பக்கம் இன்னொண்டு சேர்க்கவேணும். உப்புக் காத்தில செம்பு முகத்தில பச்சைக் களிம்பு பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படையே காணும் தடை கூட. பாவிக்காத தலையை மூடி இறுகிற டப்பாவில, அரிசிக்குள்ள இல்லாமல் சிலிக்கா ஜெல் பையோட வைக்கவேணும். அரிசித் தவிடு கொலெற்றுக்குள்ள போகும். ஓ-ரிங்குக்கு எல்லாம் கிறீஸ் மெல்லிசாப் பூசிவிட்டால் நெடுக நிக்கும்.

மே 18, ஒட்டுசுட்டான்

கிறீஸ் விசயத்தில ஒரு கோடு கீறவேணும், இது உயிர்ப் பிரச்சினை. ஆகன், காபனீரொட்சைட்டு போற டிக், மிக் டோர்ச்சின்ர ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிறீஸ் ஒரு துளி சரி. ஒட்சிசன் போற காஸ் வெட்டு டோர்ச், ரெகுலேட்டர், ஹோஸ் எதிலயும் எண்ணெயும் கூடாது, கிறீஸும் கூடாது. அழுத்த ஒட்சிசனில எண்ணெய் தானாப் பத்தும். கிறீஸ் கையோட சிலிண்டர் வால்வைத் திருகவும் கூடாது. இரண்டு வகை டோர்ச்சும் இருக்கிற பட்டறையில கிறீஸ் டப்பா டிக் சாமானோட மட்டும் இருக்கட்டும்.

மொடியூலர் எண்டு எல்லாரும் இப்ப கதைக்கிறியள், காஸ் செற் எப்பவும் அப்பிடித்தானே. ஒரே கைபிடி, முன்னுக்கு ஒட்டுற நொசில், அதைக் கழட்டிப்போட்டு வெட்டுற தலை. ஒட்டுற நொசில் இலக்கம்: 0.9 மி.மீ. தகட்டுக்கு 1, 1.2க்கு 2, 2 மி.மீ.க்கு 3, 2.6க்கு 5, 3.2க்கு 7, 4க்கு 10. 7 வரைக்கும் ஒட்சிசனும் அசற்றலீனும் இரண்டும் 0.14 பார் காணும். வெட்டுறதுக்கு 6 மி.மீ. தகட்டுக்கு 1/32 அங்குல நொசில், ஒட்சிசன் 1.8 பார். 12 மி.மீ.க்கு 3/64, 2.1 பார். 25 மி.மீ.க்கு 1/16, 2.8 பார்.

மே 19, பரந்தன் பட்டறை

அசற்றலீன் கிடைக்கிறது கரைச்சல். சமையல் காஸில அந்த நொசிலையே பாவிக்கேலாதா?

மே 19, ஒட்டுசுட்டான்

வெட்டலாம், ஆனால் அந்த நொசிலால இல்லை. அசற்றலீனுக்கு ஏ.என்.எம்.இ., ஒரே துண்டு. எல்.பி.ஜி.க்கு பி.என்.எம்.இ., இரண்டு துண்டு, உள் துண்டில நெடுகப் பள்ளம் வெட்டியிருக்கும். மாறிப் போட்டால் சுடர் நொசிலை விட்டு எழும்பி அணையும், இல்லாட்டி உள்ளுக்கு அடிக்கும். வெட்டத் தொடங்க முதல் சூடாக்கிற நேரம் எல்.பி.ஜி.யில கூட.

இரும்பை ஒட்டுறதுக்கு எல்.பி.ஜி. சரிவராது. அசற்றலீன் சுடரின்ர உள் வலயம் உருகின குளத்தை ஒட்சிசனிட்ட இருந்து காக்கும், எல்.பி.ஜி.யில அந்தக் காப்பு இல்லை. ஒட்டு எரிஞ்சு நொறுங்கும். பித்தளைப் பற்றாசு வைக்கலாம், சூடாக்கி வளைக்கலாம், அவ்வளவுதான்.

எரிகாஸ் பக்கத்து மரை இடக்கை, நட்டின்ர மூலையில வெட்டு இருக்கும். ஒட்சிசன் வலக்கை. நீல ஹோஸ் ஒட்சிசன், சிவப்பு அசற்றலீன், செம்மஞ்சள் எல்.பி.ஜி. இரண்டு பக்கமும் சுடர் திரும்பாமல் மறிக்கிற தடுப்பான் இல்லாமல் பத்தவைக்க வேண்டாம். அசற்றலீன் அழுத்தம் 1 பாரைத் தாண்டக்கூடாது, சிலிண்டர் நிமிர்ந்து நிக்கவேணும். ஹோஸை இணைக்கச் செப்புக் குழாய்த் துண்டு போடுறது கண்டிப்பா வேண்டாம். அசற்றலீன் செம்போட சேர்ந்து வெடிக்கிற சேர்வை உண்டாக்கும்.

யூன் 3, பரந்தன் பட்டறை

26வி எடுத்தாச்சு. இப்ப மிக் பக்கம். 45 பாகை, 60 பாகை, நேர்க் கழுத்து மூண்டும் வாற மிக் டோர்ச் ஒண்டு பார்த்தன். ட்ரெயிலருக்குக் கீழ படுத்துக்கொண்டு ஒட்ட நீளக் கழுத்து வசதி. கழுத்தை மாத்தினால் உடன வேலை தொடங்கலாமா?

யூன் 4, மாங்குளம்

முதல்ல லைனரை, அதுதான் கேபிளுக்குள்ள கம்பி ஓடுற குழாயை, கேளுங்கோ. சாதாரண எம்.பி. 15 வகை டோர்ச்சில லைனர் யூரோ முனையில இருந்து டிப்பின்ர (கம்பிக்குக் கரண்ட் குடுக்கிற செப்பு நுனி) பின்பக்கம் வரைக்கும் ஒரே நீட்டு. 5 செ.மீ. நீளம் கூடின கழுத்தைப் பூட்டினால் லைனர் 5 செ.மீ. கட்டை. அந்த வெறும் இடத்தில 0.8 கம்பி நெளியும், டிப்பில முட்டும், பின்னால ரோலரில சிக்கிக் குருவிக் கூடு கட்டும். குட்டைக் கழுத்தைப் பூட்டினால் லைனர் மிஞ்சி வளையும், கம்பி துள்ளித் துள்ளி வரும். கழுத்துக்கெண்டு தனித் துண்டு லைனர் வைச்ச வகையில இந்தக் கரைச்சல் இல்லை, ஆனால் இரண்டு லைனரும் சந்திக்கிற இடத்தில கம்பித் தூளும் செம்மண் தூசியும் தங்கும். கம்பி ரோல் மாத்துற ஒவ்வொருக்காலும் ஊதி எடுக்கவேணும்.

ஒரே நீட்டு லைனர் மாத்துற விதம்: கேபிளை நிலத்தில நேரா விரியுங்கோ, சுருட்டி வைச்சு அளந்தால் நீளம் பிழைக்கும். நொசில், டிப், டிப் ஹோல்டர் கழட்டுங்கோ. யூரோ முனையில நட்டைக் கழட்டிப் பழசை இழுத்து, கொம்பிறசரால உள்ளுக்கு ஊதுங்கோ. புதுசை முழுக்கத் தள்ளி நட்டை இறுக்குங்கோ. டிப் ஹோல்டரின்ர உள் ஆழத்தை அளந்து, கழுத்து நுனிக்கு வெளியில அந்த அளவு விட்டு வெட்டுங்கோ. பூட்டினாப் பிறகு லைனர் டிப்பின்ர பின்பக்கத்தைத் தொட்டு நிக்கவேணும். வெட்டின வாயை அரத்தால சுத்தி எடுத்து, உள்ளுக்கு மடிஞ்ச முள்ளை ஒரு ஊசியால திறந்து விடுங்கோ. அந்த முள்ளுத்தான் கம்பியைச் சுரண்டித் தூளாக்கிறது.

நீல லைனர் 0.6 முதல் 0.9 கம்பிக்கு, சிவப்பு 1.0 முதல் 1.2க்கு.

யூன் 4, வவுனியா உதிரி

மேலே சொன்னதில் சேர்க்க ஒன்று. லைனரின் பின் முனையில் சிறிய ஓ-ரிங் ஒன்று இருக்கும். மலிவான லைனர் சிலவற்றில் அது வருவதில்லை, பழையதிலிருந்து எடுத்துப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் காஸ் லைனர் வழியே பின்னோக்கி வந்து கம்பிப் பெட்டிக்குள் போகும். லைனர் மாற்றிய மறுநாள் ஒட்டில் துளை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டிப் நீளமும் கவனம்: எம்.பி. 15 க்கு எம்6, 25 மி.மீ.; எம்.பி. 25 க்கு எம்6, 28 மி.மீ. மரை ஒன்றென்பதால் இரண்டும் ஏறும். ஆனால் 3 மி.மீ. வித்தியாசத்தால் டிப் நொசிலுக்கு வெளியே வரும் அல்லது உள்ளே போகும்.

யூன் 9, பரந்தன் பட்டறை

அலுமினியம் மிக்கில?

யூன் 9, மாங்குளம்

தலை மாத்தினால் காணாது, வழி முழுக்க மாத்தவேணும். டெஃப்லோன் லைனர், யூ வடிவ ரோலர், கம்பியை விட ஒரு அளவு பெரிய டிப், தனி ஆகன். 3 மீற்றர் கேபிளில 0.8 அலுமினியக் கம்பி தள்ளினால் வளையும், 1.0 போடுங்கோ, கேபிளை நேரா வையுங்கோ. இரும்புக் கம்பி ஓடின லைனரால அலுமினியத்தை விடவேண்டாம், கறள் தூள் ஒட்டில போய் ஓட்டை வரும். இத்தினையும் மாத்தி பால் கான் ஒண்டுக்காகச் செய்யிறது நேரக்கேடு. வேலை சேர்ந்து வந்தால் சின்னக் கம்பிச் சுருள் கைபிடியிலேயே இருக்கிற ஸ்பூல் கன் தனியா எடுக்கலாம், அதுக்கு மெசினில இணைப்பு இருக்கோ எண்டு பார்த்துப்போட்டு. பால் கானின்ர தகடு மெல்லிசு, அதை ஏ.சி. டிக் உள்ள இடத்துக்கு அனுப்புங்கோ.

யூலை 6, முல்லைக் கரை

சோளகம் அடிக்கத் தொடங்கினாப் பிறகு மேல சொன்ன மிக், டிக் கணக்கு எல்லாம் வெளியில செல்லாது. செக்கனுக்கு 2 மீற்றர், அதாவது மணிக்கு 7, 8 கிலோமீற்றர் காத்து வந்தாலே காஸ் போர்வை கலையும். தலைமயிர் அசைஞ்சால் அந்த வேகம் வந்திட்டுது. காஸைக் கூட்டி 20 லீற்றருக்கு மேல விட்டால் நொசில் வாயில சுழிப்பு உண்டாகி காத்தை இன்னும் இழுக்கும், சிலிண்டர் மட்டும் வெறுமை ஆகும். படங்கு கட்டி மறைக்கலாம், காத்து வாற பக்கம் முழுக்க, நிலத்தைத் தொட. தீப்பொறி படுற பக்கம் தகடு.

இதுக்காகத் தனித் தலை வாங்க வேண்டாம். காஸ் இல்லாமல் ஓடுற, உள்ளுக்கு மருந்து வைச்ச கம்பி, ஈ71டி-ஜி.எஸ்., அதே டோர்ச்சில ஓடும். காஸ் நொசிலைக் கழட்டிப்போட்டு மரையைக் காக்கிற மூடி போட்டால் குளம் நல்லாத் தெரியும். மாத்தவேண்டியது மூண்டு: பல் வெட்டின ரோலர், அழுத்தம் குறைவு, மெசினுக்குள்ள முனை. சாதாரண கம்பிக்கு டோர்ச் பிளஸ். இந்தக் கம்பிக்கு டோர்ச் மைனஸ்.

யூலை 6, பரந்தன் பட்டறை

முனை மாத்தாமல் ஓட்டினால் என்ன நடக்கும்?

யூலை 7, முல்லைக் கரை

பொறி பறக்கும், ஒட்டு உருண்டையா மேல குந்தும், கசடு அடியில மாட்டும், ஊசி ஓட்டை விடும். தட்டிப் பார்த்தால் பிடிச்ச மாதிரித்தான் தெரியும், சுமை வந்தால் கழரும். இதே அறிகுறியைக் கண்டு கம்பி கூடாது எண்டு எறியிற ஆக்கள் கன பேர்.

ஓகஸ்ட் 11, வவுனியா உதிரி

வெயில் காலத்தில் டோர்ச் சுடுகிறது என்று பலரும் கேட்கிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் 200 அம்பியர் பக்கத்தில் 35 வீதம் என்று இருக்கும். பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் ஒட்டி, மீதி நேரம் ஆறவிட வேண்டும் என்பது பொருள். வெப்பம் அம்பியரின் வர்க்கத்தோடு கூடுவதால் அதே டோர்ச் 60 வீதத்தில் ஏறத்தாழ 153 அம்பியர், நிறுத்தாமல் என்றால் 118 அம்பியர்தான். 37, 38 பாகை வெயிலில், தகரக் கூரையின் கீழ் அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிக்கில் காஸும் கணக்கு. எம்.பி. 15 காபனீரொட்சைட்டில் 180 அம்பியர், ஆகன் கலவையில் 150. கலவையில் டோர்ச் கூடச் சுடும். எம்.பி. 25 க்கு 230, 200. கழுத்து மாற்றும் டோர்ச்சில், பூட்டிய பாகங்களில் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் முழு டோர்ச்சின் அளவு. 250 அம்பியர் கைபிடியில் 150 அம்பியர் வளையும் கழுத்தைப் பூட்டினால் 150 தான்.

ஓகஸ்ட் 12, மாங்குளம்

வளையிற கழுத்து எண்டு வந்ததால ஒண்டு. 26எஃப் போல வளையிற தலையை ஒவ்வொரு மூட்டுக்கும் இங்கால அங்கால முறுக்கினால் உள்ளுக்கு இருக்கிற செம்பு இறுகி வெடிக்கும். வெளி ரப்பர் நல்லா இருக்கும், உள்ள காஸ் போகும். ஒரு கோணத்துக்கு வளைச்சால் அந்த வேலை முடியும் மட்டும் அப்பிடியே விடுங்கோ. நாளாந்தம் கோணம் மாறுற ஆளுக்கு வளையாத தலை, பக்கத்தில இன்னொரு வளையாத தலை திறம்.

கரண்ட் பக்கமும் பாருங்கோ. 30 மீற்றர் நீட்டு வயர் 1.5 சதுர மி.மீ. எண்டால் 25 அம்பியர் இழுக்கேக்க 18 வோல்ற் வழியிலேயே போகும். 4 சதுர மி.மீ. எண்டால் 7. லைன் கடைசியில ஏற்கெனவே குறைஞ்சு வாற வீட்டில இதுதான் ஆர்க் தடுமாறுறதுக்குக் காரணம், டோர்ச் இல்லை.

செப்ரெம்பர் 8, பரந்தன் பட்டறை

காலபோகத்துக்கு முன்னம் கலப்பை வேலை குவிஞ்சிட்டுது. கொழு, டைன் (கலப்பையின்ர பல்) எல்லாம் மிக்கில ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்தால முறியுது.

செப்ரெம்பர் 8, ஒட்டுசுட்டான்

அது டோர்ச்சால வாற முறிவு இல்லை. கொழுவும் டைனும் காபன் கூடின உருக்கு, ஒட்டுக்கு அருகில சட்டெண்டு ஆறி கண்ணாடி மாதிரி இறுகுது. மிக்கை விடுங்கோ, ஸ்டிக் எடுங்கோ. 7018 றொட், ஈரம் பிடிச்சிருந்தால் 300 முதல் 350 பாகையில ஒரு மணித்தியாலம் காயவைச்சு. ஒட்ட முதல் காஸ் டோர்ச்சால 200 பாகை அளவுக்குச் சூடாக்குங்கோ, ஒட்டுற இடத்தில இருந்து இரண்டு பக்கமும் நாலு விரல் அகலம். முடிஞ்ச உடன தண்ணி ஊத்தவேண்டாம், உமிச் சாம்பலுக்குள்ள புதைச்சு இரா முழுக்க ஆறவிடுங்கோ. உமி மில்லில சும்மா கிடைக்கும்.

செப்ரெம்பர் 9, முல்லைக் கரை

ஜி.ஐ. பைப் வேலை கூட வாற காலமும் இதுதான். நாகப் பூச்சை ஒட்டுக்கு இரண்டு பக்கமும் 3 செ.மீ. அரைச்சு எடுத்துப்போட்டு ஒட்டுங்கோ. நாகம் 907 பாகையில கொதிச்சு வெள்ளைப் புகை ஆகும், மூச்சில போனால் சில மணித்தியாலத்தால காய்ச்சலும் நடுக்கமும். பிறேக் கிளீனரால துடைச்ச சாமானில ஆர்க் பிடிக்க வேண்டாம், குளோரின் கலந்த வகை எண்டால் நச்சுக் காஸ் வரும்.

ஒக்ரோபர் 5, பரந்தன் பட்டறை

ஸ்டெயின்லெஸ் கைபிடியில ஒட்டு சாம்பல் நிறமா வருது. 1.5 மி.மீ. பைப், 6 ஆம் கப், காஸ் 10 லீற்றர். காஸைச் சீரா விடுற வலை வைச்ச காஸ் லென்ஸ் வாங்கினன், போட்டாப் பிறகும் அப்பிடித்தான்.

ஒக்ரோபர் 5, வவுனியா உதிரி

காஸ் லென்ஸ் போட்டபோது வெள்ளை வளையத்தை மாற்றினீர்களா? சாதாரண கொலெற் பொடிக்கு 18சி.ஜி. வளையம். 45வி காஸ் லென்ஸுக்கு 54என்01. பழையதை விட்டால் லென்ஸ் முழுக்க உட்காராது, தலைக்கும் கப்புக்கும் இடையே இடைவெளி, அதால் காற்று வரும். கப்பும் 10என் கப் ஏறாது, 54என் வரிசை வேண்டும். 1.6 டங்ஸ்ரனுக்கு 45வி25, 2.4க்கு 45வி26. 8 ஆம் கப்புக்கு 54என்14.

45 முதல் 55 அம்பியர், 1.6 டங்ஸ்ரன், 308எல் கம்பி. ஆர்க் நின்ற பிறகு 5, 6 விநாடி டோர்ச்சை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு பின் திருகைப் பூட்டுங்கள். 26வி இல் அது கையால் செய்வது என்பதால் பலர் ஆர்க் நின்றவுடன் தலையை எடுத்துவிடுவார்கள். ஒட்டு வைக்கோல் நிறத்தில் வர வேண்டும். சாம்பல் என்றால் சூடு கூட அல்லது காஸ் போதவில்லை. பைப்பின் உள்பக்கம் கறுத்து மணல்போல் வந்தால் உள்ளேயும் ஆகன் விட வேண்டும், இரு முனையையும் தாளால் அடைத்து, ஒரு முனையில் ஊசித் துளை வைத்து.

ஒக்ரோபர் 7, பரந்தன் பட்டறை

வளையம்தான். 54என்01 போட்டாப் பிறகு வைக்கோல் நிறம் வருது. அந்த மூண்டு கழுத்து மிக் டோர்ச்சை வாங்கேல்லை, சாதாரண எம்.பி. 25 ஒண்டு எடுத்திருக்கிறன். 26விக்கு என்ன உதிரி கையில வைக்கிறது?

ஒக்ரோபர் 7, மாங்குளம்

1.6, 2.4 கொலெற் இரண்டு அளவிலும் மூண்டு மூண்டு. கொலெற் பொடி ஒவ்வொண்டு, நீலம் பாஞ்சிருந்தால் எறியுங்கோ, மரை பிடிச்சுத் தலையைக் கெடுக்கும். 6, 8 ஆம் கப் இரண்டு இரண்டு. 54என்01 இரண்டு. பின்மூடி நீளம் ஒண்டு, குட்டை ஒண்டு, அதின்ர ஓ-ரிங் அஞ்சு. பின்மூடி ஓ-ரிங் தேய்ஞ்சாலும் காத்து மேலால வரும், அதை ஆரும் பார்க்கிறதில்லை. எம்.பி. 25க்கு 0.8 டிப் பத்து, நொசில் இரண்டு, காஸ் பரப்பி இரண்டு, லைனர் ஒண்டு, பின் ஓ-ரிங்கோட இருக்கோ எண்டு கடையிலேயே பார்த்து.